ஸ்கூட்டர்ல புடிச்சதுக்கு கார் லைசன்ஸும் போகணுமா?

கேள்வி: மேடம் வணக்கம். நாங்க திருப்பூர் பக்கம் இருக்கறோம். எங்க வீட்டுக்காரர் லோன்ல கார் எடுத்து சொந்தமா டாக்ஸி ஓட்டறாருங்க, மாசம் 14,200 இஎம்ஐ. நான் பனியன் கம்பெனில செக்கிங் வேலை. நாலு வாரத்துக்கு முன்னாடி பிரெண்டு வீட்டு கிரகப்பிரவேசத்துல ரெண்டு பீர் குடிச்சிட்டு ஸ்கூட்டர்ல வந்தவரை ராத்திரி பத்தே முக்காலுக்கு புடிச்சிட்டாங்க. மெஷின்ல 64ன்னு காட்டிருக்கு. கோர்ட்ல ஒத்துக்கிட்டு 10,000 கட்டிட்டோம், என் தோடை அடகு வெச்சுதான் கட்டினோம். லைசன்ஸ் கார்டை அன்னிக்கே வாங்கிட்டு ஒரு சீட்டு குடுத்தாங்க, அதை வெச்சுதான் இப்ப டிரிப் போயிட்டிருக்காரு. இப்ப ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து, உங்க லைசன்ஸை ஏன் 3 மாசம் தகுதி நீக்கம் பண்ணக்கூடாதுன்னு 7 நாள்ல பதில் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு. அபராதம் கட்டின அப்புறம் இது ரெண்டாவது தண்டனை இல்லீங்களா? ஓட்டினது ஸ்கூட்டர், கார் லைசன்ஸ் ஏன் போகணும்? அதே எடத்துல பெரிய கார்ல வந்த ஒருத்தர் யாருக்கோ போன் போட்டு குடுத்துட்டு அப்படியே போயிட்டாராம். சரக்கை விக்கறதும் கவர்மெண்ட்தானே, அப்பறம் அவங்களே புடிச்சா என்ன நியாயம்? ஒரு புரோக்கர் 8,000 குடுத்தா நோட்டீஸையே இல்லாம பண்ணிடலாம்னு சொல்றாரு. என்ன பண்றதுன்னு சொல்லுங்க மேடம்.

பதில்: தங்கச்சி, நியாயம் அநியாயம் எல்லாம் அப்பறம் பேசலாம், மொதல்ல உங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டு வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. உங்க லெட்டர்ல எனக்கு பயத்தைக் குடுத்தது நோட்டீஸ் இல்ல, அந்த சீட்டை வெச்சு டிரிப் போறாருன்னு போற போக்குல எழுதிருக்கீங்களே அந்த ஒரு வரிதான். 2019ல மோட்டார் வாகன சட்டத்தை திருத்தினப்ப செக்ஷன் 206ல புதுசா சேத்தாங்க, குடிச்சிட்டு ஓட்டினாருன்னு லைசன்ஸை வாங்கிக்கிட்டா போலீஸ் ஒரு தற்காலிக சீட்டு குடுக்கணும், ஆனா கார்டு திரும்ப கைக்கு வர்ற வரைக்கும் அந்த சீட்டை வெச்சு வண்டி ஓட்ட முடியாதுன்னு அதுலயே தெளிவா இருக்கு. சும்மா டாக்குமெண்ட் இல்லாம புடிச்சா குடுக்கற சீட்டு மாதிரி நெனச்சுட்டு பல பேர் இதை பர்ஸ்ல வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா ஓட்டறாங்க. செக்கிங்ல மாட்டினா ஒரு கேஸ், அதோட போச்சு. ஆனா பேசஞ்சரை வெச்சுக்கிட்டு போறப்ப யார் மேலயாவது இடிச்சுட்டாருன்னு வைங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் டிரைவர்கிட்ட செல்லுபடியாகற லைசன்ஸ் இல்லைன்னு கோர்ட்ல சொல்லுவான். கோர்ட்டு பாதிக்கப்பட்டவங்களுக்கு மொதல்ல நீ குடு, அப்பறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு சொல்லும், 2004ல சுவரண் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து இதான் வழக்கம். இங்க ஓனர் யாரு, உங்க வீட்டுக்காரர்தான். உங்க காருக்கு ஆன டேமேஜுக்கும் ஒத்தை பைசா வராது. 10,000 ரூபாய்க்கு தோடு போச்சுன்னு வருத்தப்படறீங்க, பத்து இருபது லட்சம் நஷ்டஈடு தீர்ப்பாச்சுன்னா என்னத்த அடகு வெப்பீங்க.

அதுக்காக கார் சும்மா நிக்கணும்னு இல்ல. பர்மிட்டு வண்டியோடது, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. தெரிஞ்ச ஆக்டிங் டிரைவர் ஒருத்தரை போட்டு ஓட்டுங்க, அவரோட லைசன்ஸ் காப்பிய வாங்கி வெச்சுக்கோங்க. லாபம் பெருசா நிக்காதுதான், ஆனா இஎம்ஐக்கு ஆகும்ல. லோன் குடுத்த எடத்துலயும் ஒரு டியூ விழுந்த அப்புறம் போய் நிக்காம இப்பவே போய் பேசிருங்க.

சரி, இப்ப ரெண்டு பீர் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க லெட்டர்ல அந்த "ரெண்டு பீர்"ங்கறது வெறும் ரெண்டு பீர்தாங்கற தொனில இருக்கு. நம்ம சட்டத்துல அளவு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதை தாண்டி ஓட்டினா செக்ஷன் 185ல குற்றம். ஒரு 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் ஆல்கஹால்னா உள்ள போறது சுமார் 26 கிராம், 70 கிலோ எடை உள்ள ஆம்பளைக்கு அது மட்டுமே தோராயமா 54 காட்டும். ரெண்டு பாட்டில்னா 108. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 15 குறைக்கும், அப்ப மூணு மணி நேரம் கழிச்சு 63. அவருக்கு மெஷின் காட்டினது 64. அதனால உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட பொய் சொல்லல, இதுல நிம்மதியா இருங்க. ஆனா அதே கணக்குப்படி அவர் 30க்கு கீழ வர்றதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல அங்கயே உக்காந்திருக்கணும். ஸ்ட்ராங் பீர்னா ஒரு பாட்டிலே 80ஐ தாண்டும். ஒரு குவாட்டர் அடிச்சா 125 பக்கம் போகும், கட்டிங் அடிச்சாலே 60. ஆளுக்கு ஆள், சாப்பிட்டதுக்கு தகுந்த மாதிரி மாறும், ஆனா நம்ம ஊர்ல "கொஞ்சமா" குடிக்கறதுன்னு எதை சொல்றோமோ அது எதுவும் 30க்குள்ள அடங்காது.

டிரைவர் வீட்ல இருக்கறதால இன்னொன்னையும் சொல்லிடறேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டரும் ஒரு பீரும் முடிச்சிட்டு படுத்து, நாலு மணிக்கு எந்திரிச்சு குளிச்சு விபூதி வெச்சுக்கிட்டு கோவை ஏர்போர்ட் டிரிப்புக்கு கெளம்பறவர் ரத்தத்துல அப்பவும் 90 இருக்கும். அவருக்கே தெரியாது, தெளிவா இருக்கற மாதிரிதான் இருக்கும். குளிச்சாலும் காபி குடிச்சாலும் மோர் குடிச்சாலும் ஈரல் வேகம் மாறாது.

மெஷின் தப்பா காட்டிருக்குமான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்கறவங்க நெறைய பேர் இருக்காங்கங்கறதால சொல்றேன். வாயில ஆல்கஹால் தங்கியிருந்தா, குடிச்ச உடனே ஊதினா, மவுத்வாஷ் போட்டிருந்தா மெஷின் ஏத்தி காட்டும். அதனாலதான் அந்த எடத்துலயே, ஒரு கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன்னோ, ஆஸ்பத்திரில ரத்தம் எடுங்கன்னோ கேக்கணும். கைது பண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், இல்லைன்னா விட்டுடணும்னு செக்ஷன் 202 சொல்லுது. வெறும் வாசனையும் தள்ளாட்டமும் வெச்சு குடிச்சிருக்கான்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு 1971லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. ஆனா ஊதவே மாட்டேன்னு அடம் புடிக்கறது புத்திசாலித்தனம் இல்ல, காரணம் இல்லாம மறுத்தா அதையே நமக்கு எதிரா எடுத்துக்கலாம்னு செக்ஷன் 205 இருக்கு. உங்க கேஸ்ல இதெல்லாம் முடிஞ்ச கதை, கோர்ட்ல ஒத்துக்கிட்டாச்சு, ஒத்துக்கிட்ட கேஸ்ல அப்பீல் போனா தண்டனை சரியான்னு மட்டும்தான் பேச முடியும்.

அந்த ஒத்துக்கிட்டதுங்கறது என்னன்னு அவருக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. ஹெல்மெட் இல்லாததுக்கு ஸ்பாட்ல கட்டற மாதிரி இது கட்டிட்டு மறந்துடற விஷயம் இல்ல. செக்ஷன் 185ஐ ஸ்பாட்ல பணம் வாங்கிட்டு முடிக்க சட்டத்துல எடம் இல்ல, அதனாலதான் கோர்ட்டுக்கு அனுப்பினாங்க, அங்க நீங்க கட்டின 10,000 ஒரு கிரிமினல் தீர்ப்போட கூட வர்றது. அடுத்த தடவை மாட்டினா அது ரெண்டாவது குற்றம், 15,000 அபராதம் இல்லைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம், ஆர்டிஓ பக்கம் லைசன்ஸ் ரத்தே ஆகலாம். இதை அவர் காதுல போடுங்க.

இப்ப உங்க கேள்வி, ரெண்டாவது தண்டனையான்னு. மனசுக்கு அப்படித்தான் தோணும், எனக்கும் புரியுது. ஆனா கோர்ட் பாக்கற விதம் வேற. அபராதம் செஞ்ச தப்புக்கு. லைசன்ஸை நிறுத்தி வெக்கறது, இந்த ஆளை ரோட்ல விடலாமாங்கற கேள்விக்கு நிர்வாகம் எடுக்கற நடவடிக்கை. ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனைன்னு அரசியல் சட்டத்தை தூக்கிட்டு போனா அங்க எடுபடாது, அதை உங்க பதில் கடுதாசில மொத வரியா எழுதிடாதீங்க. இந்த 3 மாசம் எங்க இருந்து வந்துச்சுன்னா, சுப்ரீம் கோர்ட் அமைச்ச சாலை பாதுகாப்பு கமிட்டி, நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமைல இருந்தது, 2015 ஆகஸ்ட்ல எல்லா மாநிலத்துக்கும் எழுதுச்சு, குடிச்சு ஓட்டறது, சிக்னல் தாண்டறது, போன் பேசறது இதுக்கெல்லாம் குறைஞ்சது 3 மாசம் சஸ்பெண்ட் பண்ணுங்கன்னு. 2019 திருத்தத்துல அது செக்ஷன் 19லயே ஏறிடுச்சு.

இன்னொரு சங்கதி இருக்கு, கொஞ்சம் மெதுவா சொல்றேன். செக்ஷன் 20ல, 185ல தண்டிக்கற கோர்ட் அந்த தீர்ப்புலயே குறைஞ்சது 6 மாசம் தகுதி நீக்கம் பண்ணியே ஆகணும்னு இருக்கு. பண்ணலாம்னு இல்ல, பண்ணணும்னு. நடைமுறைல பல கேஸ்ல அபராதத்தோட முடிச்சிடறாங்க. அதனால நீங்க மொதல்ல தீர்ப்போட சர்டிஃபைட் காப்பிக்கு மனு போடுங்க. அதுல தகுதி நீக்கம் எதுவும் இல்லைன்னா வாயை திறக்காம வீட்டுக்கு வந்து ஆர்டிஓவுக்கு பதில் எழுதுங்க. இருந்துச்சுன்னா உடனே ஒரு வக்கீலை பாருங்க, அபராதத்துக்கு அப்பீல் இல்லாட்டியும் தகுதி நீக்க உத்தரவை மட்டும் மேல்கோர்ட் மாத்தலாம்னு அதே செக்ஷன்ல வழி இருக்கு. நீங்க அநியாயம்னு நெனைக்கற 3 மாசம், சட்டம் சொல்ற 6 மாசத்துல பாதிங்கறதையும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

ஸ்கூட்டர் ஓட்டினதுக்கு கார் லைசன்ஸ் ஏன்னு கேட்டீங்களே, உங்க லெட்டர்லயே உருப்படியான கேள்வி அதுதாங்க. புரோக்கருக்கு குடுக்க நெனைச்ச 8,000ஐ விட இந்த கேள்விக்கு மதிப்பு ஜாஸ்தி. செக்ஷன் 19ல ஆர்டிஓவுக்கு என்ன அதிகாரம் குடுத்திருக்குன்னா, லைசன்ஸ்ல இருக்கற "எல்லா வகை வண்டிக்கும் அல்லது ஏதாவது ஒரு வகை வண்டிக்கும்" தகுதி நீக்கம் பண்ணலாம்னுதான். டூவீலருக்கு மட்டும் 3 மாசம் நிறுத்திட்டு காருக்கு விட்டுடலாம், சட்டம் தடுக்கல. இன்னும் சொல்லப்போனா விசாரிச்சு பாத்துட்டு முழுசா விட்டுடக்கூட அதிகாரம் இருக்கு, அதே மாதிரி தகுதி நீக்கம் பண்றதா இருந்தா விவரமான காரணத்தை எழுத்துல குடுக்கணும், உங்களை கூப்பிட்டு கேக்கணும். ஆனா பல எடத்துல நடக்கறது என்ன, நோட்டீஸ் வரும், பதில் போகாது, பேர் எடம் மட்டும் காலியா விட்டு அடிச்சு வெச்ச ஆர்டர்ல பேரை நிரப்பி கையெழுத்து போட்டுடுவாங்க, எல்லா வகை வண்டியும் போச்சு. கேக்காததால குடுக்கல. கேட்டா குடுத்துடுவாங்கன்னு நான் சத்தியம் பண்ணல, ஆனா எழுத்துல கேட்ட கோரிக்கைய காரணம் சொல்லாம தள்ளினா அப்பீல்ல நமக்கு பிடிமானம் கிடைக்கும். அப்பீலுக்கு ஆர்டர் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள், அந்த கவரை பிரிக்காம டிவி மேல போட்டு வெக்காதீங்க.

பதில் எப்படி எழுதறதுன்னா, ரெண்டு பக்கத்துக்கு மேல போகக்கூடாது, கெஞ்சலும் வேண்டாம் வீறாப்பும் வேண்டாம். இப்படி ஆரம்பிக்கலாம்: "மேற்படி நாளில் நான் மது அருந்திய நிலையில் இருசக்கர வாகனம் ஓட்டியது உண்மை. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திவிட்டேன். விபத்தோ யாருக்கும் காயமோ ஏற்படவில்லை. நான் வாடகைக் கார் ஓட்டும் தொழில் செய்பவன். தொழில் நேரத்தில் மது அருந்தி வாகனம் ஓட்டியதாக என் மீது இதுவரை எந்த வழக்கும் இல்லை. எனவே பிரிவு 19-ன் கீழ் தகுதி நீக்கம் அவசியம் எனக் கருதினால் அதை இருசக்கர வாகன வகைக்கு மட்டும் வரையறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அப்பறம் ரெண்டாவது கோரிக்கையா, எல்லா வகைக்கும்னு முடிவு பண்ணினா, கார்டு வாங்கின நாள்ல இருந்தே 3 மாசத்தை கணக்கு வைங்கன்னு கேக்கலாம். ஆனா இங்கதான் சிக்கல், அந்த நாலு வாரமும் அவர் ஓட்டிட்டு இருந்திருக்காரு. ஓட்டலைன்னு பொய் எழுதக்கூடாது, டிரிப் எல்லாம் ஆப்ல டைம் போட்டு கிடக்கு. என்னிக்கு வண்டிய நிறுத்தறாரோ அன்னில இருந்து கணக்கு வைங்கன்னு வேணா கேளுங்க, அதுக்கு ஆதாரமா ஆக்டிங் டிரைவர் ஓட்டின டிரிப் விவரம் இருக்கும். இன்னிக்கே நிறுத்தச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கூட என்னென்ன வெக்கணும்? ஆர்சி, பர்மிட் காப்பி, லோன் ஸ்டேட்மெண்ட், உங்க சம்பள சீட்டு, வண்டி மேல வேற செலான் எதுவும் இல்லைன்னா அந்த பிரிண்ட். இதெல்லாம் எல்லாரும் வெப்பாங்க. யாரும் வெக்காத ஒண்ணு சொல்றேன், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மனநல பிரிவுக்கு அவரை கூட்டிட்டு போய் குடி பத்தி கவுன்சிலிங் எடுத்த ஓபி சீட்டு. அவர் குடிகாரர் இல்லைன்னு நீங்க சொல்லலாம், நானும் நம்பறேன், அப்படின்னா அங்க போறதுல கூச்சப்பட என்ன இருக்கு. விசாரணை பண்ற ஆபீசருக்கு முன்னாடி அந்த சீட்டுக்கு இருக்கற மரியாதை, குழந்தைங்க போட்டோவுக்கு இருக்காது.

வயித்துப்பொழப்புன்னு சொன்னா எந்த அளவுக்கு எடுபடும்? அளவாதான். உத்தரப் பிரதேசத்துல ஆயுதப்படை போலீஸ் டிரைவர் ஒருத்தர், கும்பமேளா டியூட்டிக்கு போலீஸ்காரங்களை ஏத்திட்டு போறப்ப குடிச்சிட்டு ஓட்டி ஜீப்ல மோதினாரு, யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல. டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. 25 வருஷ சர்வீஸ். 2022 ஜனவரில சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பெரிய விபத்து ஆகாதது வெறும் அதிர்ஷ்டம், அதுக்காக தப்பு சின்னதாயிடாது, மத்தவங்க உசுரு டிரைவரை நம்பி இருக்கு. ஆனா டிஸ்மிஸ் ரொம்ப ஜாஸ்தின்னு கட்டாய ஓய்வா மாத்துச்சு, அதுக்குள்ள அந்த மனுஷன் செத்தே போயிருந்தாரு, குடும்பத்துக்கு பணமாவது போகட்டும்னுதான். டிரைவருக்கு லைசன்ஸ்தான் சோறுன்னு நாம சொல்றோம். அதே காரணத்தைத்தான் கோர்ட்டும் சொல்லுது, டிரைவர்ங்கறதாலதான் உனக்கு பொறுப்பு கூடன்னு. நான் வாடிக்கையா டிரைவர்ங்களுக்காக வாதாடறவதான், ஆனாலும் இந்த இடத்துல கோர்ட் பக்கம்தான் நிப்பேன். இங்கிலாந்துல எல்லை 80 வரைக்கும் விடறாங்க, நம்மளதை விட ரொம்ப தாராளம், ஆனா தாண்டிட்டா குறைஞ்சது 12 மாசம் ஓட்டக்கூடாது, வேலை போயிடும்னு சொல்றதை அங்க காரணமாவே எடுத்துக்க மாட்டாங்க.

அபராத தொகை விஷயத்துல மட்டும் நான் உங்க கட்சி. 2019க்கு முன்னாடி 2,000 வரைக்கும்னு இருந்துச்சு, மாஜிஸ்ட்ரேட் ஆளை பாத்து குறைக்கலாம். இப்ப 10,000ன்னு ஒரே தொகை. 31 காட்டினவருக்கும் 300 காட்டினவருக்கும் அதே 10,000, செக்கிங் வேலை பாக்கற வீட்டுக்கும் மில் முதலாளி வீட்டுக்கும் அதே 10,000. உங்களுக்கு அது தோடு, அவருக்கு ஒரு நாள் டின்னர் பில்லு. பின்லாந்துல 1921ல இருந்தே அபராதத்தை ஒருத்தரோட தினசரி வருமானத்தை வெச்சு கணக்கு போடறாங்க. நம்ம ஊர்ல பாதி பேருக்கு வருமானத்துக்கு கணக்கே கிடையாது, அதனால அப்படியே இங்க கொண்டாற முடியாதுன்னு தெரியும், ஆனா மாஜிஸ்ட்ரேட் கைல கொஞ்சமாவது விட்டிருக்கலாம்.

அந்த பெரிய கார்க்காரர் விஷயம். அவரை விட்டது தப்புதான், ஆனா அவரை விட்டதால என்னையும் விடுங்கன்னு எந்த கோர்ட்லயும் வாதாட முடியாது. வயிறு எரியறதுல தப்பில்ல. 1999 ஜனவரில டெல்லில ஒரு பணக்கார வீட்டுப் பையன் பிஎம்டபிள்யூல ஆறு பேரை ஏத்தி கொன்னான், மூணு பேர் போலீஸ்காரங்க, கேஸ் 2012 வரைக்கும் இழுத்துச்சு, கடைசில சுப்ரீம் கோர்ட் அது கொலை ஆகாத மரணம் விளைவிச்ச குற்றம்தான்னு உறுதியா சொல்லிட்டு, ஏற்கனவே இருந்த ரெண்டு வருஷ ஜெயிலே போதும், 50 லட்சம் கட்டு, ரெண்டு வருஷம் சமூக சேவை பண்ணுன்னு முடிச்சுது. அதை படிச்சப்ப எனக்கு வந்த கோபம் இன்னும் போகல. அதுக்காக கீழ இருக்கறவனையும் விட்டுடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா குடிச்சவன் வண்டில அடிபடறவங்கள்ல ரோட்ல நடந்து போறவங்களும் டூவீலர்ல போறவங்களும் நெறைய, பங்களாக்காரங்க இல்ல.

டாஸ்மாக் பத்தி கேட்டது நூத்துக்கு நூறு சரி. 2003ல இருந்து சில்லறை விற்பனை முழுசா அரசு கைல, பல கடைக்கு பக்கத்துலயே பாரும் இருக்கும், வாசல்ல வரிசையா பைக் நிக்கும், எல்லாரும் அதுல தான் வீட்டுக்கு போகணும்னு தெரிஞ்சுதான் கடை வெக்கறாங்க. ஹைவேல இருந்து 500 மீட்டருக்குள்ள கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதே தமிழ்நாட்டுல இருந்து போன கேஸ்லதான், அடுத்த வருஷமே நகராட்சி எல்லைக்குள்ள அது பொருந்தாதுன்னு தளர்ந்து போச்சு. மேடைல பேச நல்ல பாயிண்ட். ஆர்டிஓ முன்னாடி பேசினா அவர் ஃபைலை மூடிடுவாரு.

புரோக்கர் விஷயத்துக்கு நான் நீட்டி முழக்க மாட்டேன். லைசன்ஸ் விவரம் இப்ப சாரதிங்கற கவர்மெண்ட் கம்ப்யூட்டர் பதிவுல இருக்கு, காகித நோட்டீஸை கிழிச்சா பதிவு அழியாது, பணம் வாங்கிட்டு அவன் போயிடுவான், பதில் குடுக்க வேண்டிய 7 நாளும் போயிடும். 2018ல இருந்து லஞ்சம் குடுக்கறவருக்கும் 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. வேற மாவட்டத்துல புது லைசன்ஸ் எடுத்துக்கலாம்னு யாராவது சொன்னா அதையும் கேக்காதீங்க, ஒருத்தருக்கு ஒரு லைசன்ஸ்தான், தகுதி நீக்க காலத்துல ஓட்டினா செக்ஷன் 182ல 10,000 அபராதமோ 3 மாசம் ஜெயிலோ ரெண்டுமோ.

அன்னிக்கு ஸ்கூட்டர்ல பின்னாடி யாராவது உக்காந்து வந்தாங்களான்னு நீங்க எழுதல. வந்திருந்தா அவங்க மேலயும் செக்ஷன் 188ல, குடிச்சவரை ஓட்ட விட்டு தூண்டினதா, அதே தண்டனையோட கேஸ் போட சட்டத்துல எடம் இருக்கு, 2022ல சென்னை டிராஃபிக் போலீஸ் கூட வர்றவங்க மேலயும் போடுவோம்னு அறிவிச்சாங்க. அந்த பிரெண்டுகளுக்கும் சொல்லி வைங்க, அடுத்த விசேஷத்துல சாவிய வாங்கி வெச்சுக்க ஒரு ஆள் வேணும்ல.

3 மாசம்னே ஆர்டர் வந்தாலும், முடிஞ்ச அன்னிக்கு கார்டு தானா கைக்கு வந்துடாது, ரெஃப்ரெஷர் டிரெய்னிங் முடிச்சு சர்டிஃபிகேட் காட்டினாதான் குடுப்பாங்கன்னு செக்ஷன் 19லயே இருக்கு. அதனால ஆர்டர் வந்த மொத வாரமே எங்க நடத்தறாங்கன்னு அதே ஆபீஸ்ல கேட்டு பேரை குடுத்துடுங்க, கடைசி வாரம் வரைக்கும் விட்டா மூணு மாசம் நாலா நீளும். பதிலை நேர்ல குடுத்து இன்னொரு காப்பில சீல் போட்டு வாங்கிக்கோங்க, ரிஜிஸ்டர் போஸ்ட்லயும் ஒண்ணு போடுங்க. நேர் விசாரணைக்கு கூப்பிட்டா நீங்களும் கம்பெனில லீவு சொல்லிட்டு கூட போங்க, ஆனா கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லணும், நீங்க பேசாதீங்க. ஆர்டர் வந்ததும் ஒரு காப்பி எனக்கு அனுப்புங்க, எல்லா வகை வண்டிக்கும்னு காரணம் இல்லாம எழுதிருந்தா அப்பீல் போட்டு பாக்கலாம்.